கேலுக்குப் பதில் நூக்கல் இலை

கேல் (kale) என்ற மேல்நாட்டுக் கீரை கிடைக்காமல் ராஜ்மா சூப்பில் சிறுகீரையைப் போட்டு, அது 20 நிமிடத்தில் குழைந்து காணாமல் போனதாக எழுதியிருக்கிறீர்கள். சிறுகீரை மென்மையானது, அவ்வளவு நேரம் தாங்காது. உங்களுக்கு வேண்டியது நூக்கல் இலை. கேல், முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கல் எல்லாம் ஒரே தாவர இனம். கோயம்பேட்டில் காலையிலேயே போய், இலையோடு இருக்கும் நூக்கலாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல இலையை ஒடித்து எறிந்துவிடுகிறார்கள், எனக்கு மனம் பொறுப்பதே இல்லை. தடித்த நடுநரம்பைக் கிழித்து நீக்கி, விரல் அகலத்துக்கு நறுக்கி, 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். இலை கரும்பச்சையாகி, மெல்லும்போது பல்லுக்குக் கொஞ்சம் பிடி கொடுக்கும். கேலிடம் நீங்கள் தேடியது அதைத்தானே? நூக்கல் இலை அகப்படாத நாளில் காலிஃபிளவரைச் சுற்றியுள்ள இளம் இலைகள் போதும். சாலட்டுக்கு என்றால் உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து வையுங்கள்.