வியூஷெட் வரைபடத்தில் பாதி நகரத்துக்குத் தெரிகிற கட்டடம், தெருவில் நின்றால் தெரியாதது ஏன்?

"60 மீட்டர் உயர அடுக்குமாடி எங்கிருந்தெல்லாம் தெரியும் என்று க்யூஜிஐஎஸ்-இல் வியூஷெட் போட்டேன். பாதி நகரம் நிறைந்து வந்தது. தெருவில் போய் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. எங்கே தவறு?" என்பது கேள்வி. வியூஷெட் என்பது ஓர் இடம் எங்கிருந்தெல்லாம் தெரியும் என்று உயரத் தரவை வைத்துக் கணக்கிடும் வரைபடம்; க்யூஜிஐஎஸ் அதைப் போடும் இலவச வரைபட மென்பொருள்.

நிறம் விழுந்த இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மொட்டைமாடிகளும் மரத்தலைகளுமாக இருக்கும். இதற்குக் கொடுக்கும் உயரத் தரவான டிஎஸ்எம் என்பது கூரை, மரம் எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு. அதில் கண் உயரம் 1.6 மீட்டர் என்று கொடுத்தால், மென்பொருள் கூரைக்குக் கூரை ஓர் ஆளை ஏற்றி நிறுத்திப் பார்க்கும். அங்கிருந்து கட்டடம் தெரியாமல் என்ன செய்யும்?

இதைச் சரிசெய்ய வெறும் தரையைக் காட்டும் டிடிஎம்மும் வேண்டும். பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரில் டிஎஸ்எம்மிலிருந்து டிடிஎம்மைக் கழியுங்கள். விடை 0.5 மீட்டருக்குள் இருக்கும் பிக்சல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வரைபடத்திலிருந்து நீக்குங்கள். மிஞ்சுவதுதான் மனிதர் நடக்கும் இடம். பாதி நகரம் சில தெருத்துண்டுகளாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது கட்டடத்தின் உச்சி. இந்த வேலையில் தலைகீழாகக் கணக்கிடுவது வழக்கம்: கட்டட உச்சியைப் பார்வைப் புள்ளியாகவும் தெருவை இலக்காகவும் வைப்போம். புள்ளியின் உயரத்தை மென்பொருள் டிஎஸ்எம் மதிப்பின் மேல்தான் கூட்டும். கட்டடம் ஏற்கெனவே டிஎஸ்எம்-இல் இருக்கும்போது 60 என்று கொடுத்தால், நீங்கள் சோதிப்பது 120 மீட்டர் கோபுரத்தை. சரி, 0 கொடுக்கலாமே என்றால், கூரையின் விளிம்பே பக்கத்துத் தெருக்களை மறைத்துவிடும். கட்டடம் நிற்கும் பிக்சல்களில் டிடிஎம் மதிப்பை நிரப்பிவிட்டு, நான்கு மூலைகளிலும் 60 மீட்டர் உயரத்தில் புள்ளி வைப்பதே சரி. இலக்கு உயரத்தை 1.6 ஆக்க மறக்க வேண்டாம், கிராஸ் என்ற இலவச மென்பொருளின் ஆர்.வியூஷெட் கருவியில் அது இயல்பாகவே 0. அதே கருவி தெரியாத இடங்களை நல் (null, மதிப்பே இல்லாத வெற்றிடம்) என்று விடுவதால், நான்கையும் கூட்டினால் ஒரு புள்ளிக்குத் தெரியாத இடமும் நல் ஆகிவிடும். கட்டளையில் '-b' கொடியை (கூடுதல் தெரிவு) போட்டால் 0, 1 என்று வரும், பிறகு கூட்டலாம்.

உயரத் தரவு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு. 20 மீட்டர் அகலத் தெருவில், ஓரமாகச் சுவரை ஒட்டி நிற்கிறீர்கள். எதிர்வரிசை வீடுகள் 12 மீட்டர். கண்ணுக்கு மேல் 10.4 மீட்டர், 20 மீட்டர் தள்ளி: சரிவு 0.52. கோபுர உச்சி கண்ணுக்கு மேல் 58.4 மீட்டர். வகுத்தால் 112 மீட்டர். அதற்கு அப்பால் இருந்தால் கோபுரம் மறைந்துவிடும். வீடுகள் 9 மீட்டர்தான் என்று தரவு சொன்னால் இதே எல்லை 158 மீட்டராகிவிடும். ஒரே ஒரு மாடிப் பிழைக்கு இவ்வளவு விலை! மாடி எண்ணிக்கையை 3 ஆல் பெருக்கி உயரம் எடுப்பவர்கள் கைப்பிடிச் சுவரையும் மாடியறையையும் தவறவிடுவது இங்கேதான் கடிக்கும். புவி வளைவைச் சேர்க்கலாமா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2 கிலோமீட்டரில் அது 31 சென்டிமீட்டர். சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பிக்சல் 1 மீட்டர் இருந்தால் நல்லது. 5 மீட்டர் பிக்சலில் 3 மீட்டர் சந்து காணாமல் போகும். எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் எடுத்த உலக உயரத் தரவு) போன்ற 30 மீட்டர் பிக்சல் தரவு மலைகளுக்குச் சரி, தெருவுக்கு ஆகாது. தரவு, உருண்டைப் புவியைத் தட்டையாக்கிக் காட்டும் மீட்டர் அளவிலான ப்ரொஜெக்‌ஷனில் இருக்கட்டும். கிடைமட்டம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருந்தால் முடிவு வெறும் குப்பை.

மரங்கள்தான் உண்மையான தலைவலி. டிஎஸ்எம்-இல் மரம் தரைவரை இறங்கும் சுவர். நிஜத்தில் கிளைகளுக்குக் கீழே பார்வை போகும். இலை உதிர்ந்தால் நடுவிலும் போகும். மேலே சொன்ன வடிகட்டல் மரத்தடி நடைபாதையையும் சேர்த்து நீக்கிவிடும். மரங்களோடு ஒருமுறை, மரங்களை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டி, இரண்டையும் காட்டுங்கள். ஒரே வரைபடமாகத் தருபவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் கொள்வேன்.

பாலத்தின் அடி, வளைவு வாயில் இவற்றை ராஸ்டர் அறியாது, ஒரு பிக்சலுக்கு ஒரே உயரம்தான். அங்கே முப்பரிமாண மாதிரியில் கதிர் எறிந்து பார்க்க வேண்டும். ஒரு சதுக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு வெளி தெரிகிறது என்பதே கேள்வியானால் வியூஷெட் தேவையே இல்லை. 1979-இல் கட்டடக்கலை ஆய்வாளர் மைக்கேல் பெனடிக்ட் விரித்துரைத்த ஐசோவிஸ்ட், அதாவது ஒரு புள்ளியிலிருந்து தெரியும் பரப்பைத் தரைப்படத்தில் வரைவது, போதும். டெப்த்மேப்எக்ஸ் என்ற மென்பொருள் அதை இலவசமாகச் செய்யும். அதில் கண்ணை மறைப்பதை மட்டும் வரையுங்கள். முழங்கால் உயரத் தடுப்பை வரைந்தால் சதுக்கம் சிறையாகிவிடும்.

முடிவைச் சரிபார்க்க, தெரியும் தெரியாது எல்லையை ஒட்டியே 20 புள்ளிகள் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் படம் எடுங்கள். தவறுகள் மரங்களை ஒட்டியே வந்தால் மரத் தரவு பழையது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அதிகமாகத் தெரிந்தால் உச்சி உயரம்தான் தவறு; ஜிபிஎஸ் உயரத்தை (புவியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது) கடல்மட்ட உயரத்தோடு கலந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.