அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டதில்லை

மேடம், எனக்கு 31 வயது. மூட்டெல்லாம் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் இருப்பதை மறைக்காமல் சொல்லித்தான் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஆனால் மாமியார் இப்போதுதான் தெரிந்த மாதிரி பேசுகிறார். 'விரலே மடங்கலை, பிள்ளையை யாரு பார்ப்பா?' என்று நாத்தனாரிடம் போனில் சொல்வது எனக்குக் கேட்கட்டும் என்றுதான். வளைகாப்புகளுக்கு அவர் மட்டும் போய்வருகிறார். என் கணவர் அம்மாவை ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்னிடம் மட்டும், 'உனக்கு முடியலைன்னா குழந்தையே வேண்டாம், விடு' என்கிறார். அவருக்கு எவ்வளவு சுலபம்! என் அம்மாவுக்கும் இதே நோய்தான், சின்ன வயதில் எனக்கு ஒருநாள்கூடத் தலை பின்னிவிட்டதில்லை, அது கிடக்கட்டும். மாமியார் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. இந்த நோய்க்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். பேசாமல் நிறுத்திவிடட்டுமா?

- பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புச் சகோதரிக்கு,

'கிடக்கட்டும்' என்று தள்ளிவிட்டீர்களே, அந்தத் தலைப்பின்னலைப் பற்றித்தான் பேச வேண்டும். மாமியார் கேட்பது இவ்வளவு சுடுகிறதென்றால், அதே கேள்வியை அவருக்கு முன்பே நீங்கள் உங்களைக் கேட்டுவிட்டீர்கள். அம்மாவைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம் அது. அந்தக் காலத்தில் பலருக்கு வலி மாத்திரையும் ஸ்டீராய்டும்தான் கதி. மூட்டு கெடுவதற்குள் நோயை அடக்கும் சிகிச்சை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பின்ன முடியாத அந்தக் காலை நேரங்கள் எப்படி இருந்தன என்று அம்மாவிடம் எப்போதாவது கேட்டதுண்டா?

கணவர் விஷயத்தில் நான் பாதி அவர் பக்கம். அம்மாவிடம் வாய் திறக்காதது தப்பு. ஆனால் 'விடு' என்றது உங்கள் வலியைப் பார்த்துப் பயந்தவர் பேச்சாகவே எனக்குப் படுகிறது. குழந்தை வேண்டும் என்று நீங்கள் அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே!

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் சீறிக் கிளம்பும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே கருத்தரிக்கவும் கூடாது, கருவுக்கு ஆபத்து. வாதநோய் மருத்துவரிடம் ஆசையைச் சொல்லுங்கள். சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போல கர்ப்பத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் உண்டு. மாற்றியபின் நோய் சில மாதம் அடங்கியிருக்க வேண்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கருத்தடை அவசியம்.

கர்ப்பத்தில் பலருக்கு வலி குறைகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் அது திரும்புவது சகஜம். பிள்ளையைத் தூக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டியது அப்போதுதான். அடுத்த முறை கணவரையும் கூட்டிப்போங்கள். இதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.