செம்பில் களிம்பு, பதக்கத்தில் பூஞ்சை

அன்புள்ள ஆசிரியருக்கு,

விட்ச்கிராஃப்ட் என்கிற மேலைநாட்டு மந்திரக் கலையைப் பழக இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். என் கையால் செய்ததையே அணிய வேண்டும் என்று ஆசை. செம்புக் கம்பியில் ஒரு மோதிரமும், உள்ளே ரோஸ்மேரி இலை வைத்து மூடுகிற சிறு செம்புப் பதக்கமும் செய்தேன். மோதிரத்தை வளைக்கும்போதே கம்பி இரண்டு முறை முறிந்தது. முடித்ததும் இரண்டையும் ஓர் இரவு உப்பில் புதைத்துச் சுத்தி செய்தேன். ஒரே வாரத்தில் மோதிரம் விரலில் பச்சை வளையம் போட்டுவிட்டது. பதக்கத்தைத் திறந்தால் உள்ளே பச்சைப் பூச்சு, இலை கறுத்து வாடை வீசுகிறது. கெட்ட சக்தியை உறிஞ்சிக்கொண்டதற்கு அடையாளம் இது, வெளியே வீசிவிடு என்கிறாள் தோழி. வீசத்தான் வேண்டுமா? எந்த மூலிகைகளில் தொடங்குவது? கர்ப்பமாக இருக்கும் என் அக்காவுக்கு ஒன்று செய்து கொடுக்கலாமா?

கவி

அன்புள்ள கவி,

வீச வேண்டாம். இரண்டையும் மீட்டுவிடலாம். நீங்கள் பார்த்தது சகுனமல்ல, களிம்பு. வியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கின்றன. அவை செம்போடு சேர்ந்து பச்சை நிற உப்புகளாகின்றன. விரலில் படிந்தது அதுதான். சோப்புப் போட்டால் போய்விடும், தீங்கும் இல்லை. ஆனால் உப்பில் புதைத்தது பெரிய கேடு. உப்பிலுள்ள குளோரைடு செம்பின் நுண்ணிய பள்ளங்களில் தங்கிவிடும். பிறகு ஈரக் காற்றுப் படும்போதெல்லாம் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கலையில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் நகையை அதிகம் கெடுப்பது இந்த உப்புச் சுத்திதான். உப்பு வேண்டும் என்று மனம் சொன்னால், நகையை ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, அந்தக் கிண்ணத்தை உப்பின் மேல் வையுங்கள். உப்பு உலோகத்தைத் தொடக் கூடாது. நிலவொளியில் வைப்பதானால் ஜன்னலுக்கு உள்பக்கமாக. வெளியே வைத்தால் பனி இறங்கும்.

இப்போது மீட்பு. பதக்கத்தைத் திறந்து இலையை எறிந்துவிட்டு, இரண்டு நகைகளையும் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, கால் மணி நேரம் ஊற வையுங்கள். இரும்புக் கிடுக்கியை அந்த நீரில் விடாதீர்கள். கரைந்திருக்கும் செம்பு அதனால் திரும்ப வெளியேறி, கூட ஏதாவது வெள்ளி கிடந்தால் அதன் மேல் சிவப்பாகப் படியும். பிளாஸ்டிக் அல்லது மரக் கிடுக்கி போதும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முக்கு, மறுபடி நல்ல தண்ணீர், துடைத்து முழுக்க உலர்த்தல். உலோகம் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது தேன்மெழுகை மெல்லிசாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். மோதிரத்தின் உள்பக்கம் முக்கியம். மெழுகு தேயத் தேயப் புதுப்பிக்க வேண்டும். கை கழுவும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

கம்பி முறிந்ததற்கு வருவோம். செம்பை வளைக்க வளைக்க அது விறைத்துக்கொண்டே போகும்; விறைத்த பிறகும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் முறியத்தான் செய்யும். கை விறைப்பை உணர்ந்ததுமே நிறுத்தி, கம்பியைச் சுருளாகச் சுற்றி, மங்கிய வெளிச்சத்தில் தீயில் காட்டுங்கள். மங்கலான சிவப்பு தெரிந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். மேலே கறுப்புப் படியும், அதே சிட்ரிக் நீர் அதை எடுத்துவிடும். மங்கிய வெளிச்சம் ஏனென்றால், வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அளவுக்கு மீறிக் காய்ச்சிவிடுவீர்கள்.

சூடாக்கும் முன் கம்பியின் முனையை அரத்தால் ஒருமுறை ராவிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு நிறம் பூசிய வேறு உலோகம். வார்னிஷ் பூசிய கம்பியும் நிறைய விற்கிறது. இரண்டையும் தீயில் காட்ட வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி இன்னும் மோசம், அதன் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

மோதிரத்துக்குக் கம்பி வெட்டும்போது உள்விட்டத்தோடு கம்பியின் கனத்தையும் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மி.மீ., கனம் 1.5 மி.மீ. என்றால் 18.5 × 3.14, அதாவது 58 மி.மீ. கனத்தை விட்டுவிட்டால் ஏறக்குறைய 5 மி.மீ. குறைந்து, மோதிரம் விரலில் ஏறாது.

பதக்கத்தில் இலை கறுத்துப் பூஞ்சை பிடித்ததற்குக் காரணம் ஈரம். தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும் இலையின் காம்பில் ஈரம் ஒளிந்திருக்கும். ஐந்தாறு தண்டுகளாகக் கட்டி, தலைகீழாக, நிழலில், காற்றோட்டத்தில் ஒன்றிரண்டு வாரம் தொங்கவிடுங்கள். காம்பை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் மூடி இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். உள்சுவரில் ஆவி படிந்தால் வெளியே எடுத்து மறுபடி உலர்த்துங்கள். புதினாவிலும் துளசி வகைகளிலும் நீர் அதிகம். தடித்த கட்டாகக் கட்டினால் நடுவில் கறுத்துவிடும்.

அப்படிக் காய்ந்தாலும் மூலிகையைச் செம்பில் நேரடியாகப் படவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூலிகை கண்ணாடிக்குள் இருக்கட்டும். உலோகம் வெளியே தாங்கட்டும். கழுத்து 8, 9 மி.மீ. அகலமுள்ள தக்கைக் குப்பி ஒன்று எடுத்து, முக்கால் அளவு மூலிகை நிரப்பி, தக்கையைச் சுற்றி உருக்கிய தேன்மெழுகை விடுங்கள். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். 0.8 மி.மீ. இளகிய செம்புக் கம்பி 20 செ.மீ. வேண்டும். நடுவில் பென்சிலைச் சுற்றி ஒரு வளையம், அதன் அடியில் இரண்டு முறுக்கு. பிறகு ஒரு முனையை இடமாகவும் மறு முனையை வலமாகவும் குப்பியின் கழுத்தில் இரண்டிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். விரல் பலம் மட்டும் போதும். குறடால் இழுத்து இறுக்கினால் கழுத்து விரிசல்விடும். தளர்வாக இருந்தால், சுற்றிய கம்பியில் ஓரிடத்தைக் குறடு மூக்கால் லேசாக முடக்குங்கள், சுற்று தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். முனைகளை உள்ளே மடித்து அரத்தால் ராவிவிடுங்கள், இல்லையென்றால் துணியையும் தோலையும் கீறும்.

தொடங்க மூன்று மூலிகைகள் போதும்: பாதுகாப்புக்கு ரோஸ்மேரி, மன அமைதிக்கும் உறக்கத்துக்கும் லாவெண்டர், வேண்டுதலை எழுதிவைக்க பே இலை (bay leaf). நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்றையும் கையால் காயவைத்து, முகர்ந்து, பழகித் தெரிந்துகொள்வது மேல். சதாப்பு (அருவதா, rue) என்ற மூலிகையைப் பறித்தால் கையுறை போடுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளிக்கும். உலோகத்தில் செம்பு சுக்கிரனுக்கு, வெள்ளி சந்திரனுக்கு என்ற பழைய பொருத்தங்களை ஏற்பதில் தடையில்லை. அதே பட்டியலில் சனிக்குரிய ஈயமும் புதனுக்குரிய பாதரசமும் உண்டு. அவை இரண்டும் நஞ்சு, நகையில் எந்த வடிவத்திலும் கூடாது. ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் வருவதில் வெள்ளியே இல்லை, நிக்கல் இருக்கிறது. பலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

அக்காவுக்குத் தாராளமாகச் செய்து கொடுங்கள். லாவெண்டர் குப்பி நல்ல தேர்வு. மூடிய குப்பிக்குள் இருப்பதால் பயமில்லை. ஆனால் மூலிகைப் புகை போடவோ, மூலிகைகளைக் கஷாயமாகக் குடிக்கவோ சொல்லாதீர்கள். மாசிப்பச்சை (மாசிபத்திரி) வகைகள், பென்னிராயல் என்ற புதினா வகை, சதாப்பு மூன்றும் கர்ப்ப காலத்தில் வீட்டிலேயே வேண்டாம். வாசனை மயக்கம் தந்தால் காலிக் குப்பியில் வேண்டுதல் எழுதிய தாளை மட்டும் வைக்கலாம். குழந்தை பிறந்த பிறகு அதைக் கழுத்தில் போடாமல் உயரமான இடத்தில் மாட்டிவைக்கச் சொல்லுங்கள். சின்னக் குப்பியும் தக்கையும் குழந்தையின் தொண்டையில் சிக்கும் அளவுள்ளவை.