கல்லூரி தொடங்க என்னென்ன அனுமதி வேண்டும்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை கலை, அறிவியல் கல்லூரி தொடங்க விரும்புகிறது. பின்னர் அதைத் தனியார் பல்கலைக்கழகமாக்க அரசாணை மட்டும் போதுமா?

பதில்: போதாது. கல்லூரிக்கு, 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அரசின் அனுமதியும், அப்பகுதிக்குரிய பல்கலைக்கழகத்தின் இணைப்பும் தேவை. பட்டம் வழங்குவது அந்தப் பல்கலைக்கழகமே. தனியார் பல்கலைக்கழகத்துக்கோ சட்டமன்றம் இயற்றும் சட்டமே வேண்டும். சத்தீஸ்கரில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வெறும் அரசிதழ் அறிவிப்பாலேயே, போதிய கட்டடமோ ஆசிரியர்களோ இல்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் முளைத்தன. கல்வியாளர் யஷ்பால் தொடுத்த வழக்கில், அவற்றுக்கு வழிவகுத்த பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2005இல் ரத்துசெய்தது. தவித்தவர்கள், நம்பிச் சேர்ந்த மாணவர்கள். ஆகவே, இணைப்பு ஆணை கைக்கு வருமுன் ஒரு மாணவரைக்கூடச் சேர்க்காதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.