நீலம் மறைந்தால் நஞ்சும் மறைந்ததா?

கேள்வி: எங்கள் கிணறு வயல்களுக்கு நடுவே இருக்கிறது. நீரில் பூச்சிமருந்து கலந்திருக்குமோ என்று பயம். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய தொட்டியில் ஊற்றி வெயிலில் வைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். நீலச் சாயம் கலந்த நீரைக் கண்ணெதிரே தெளிய வைத்தும் காட்டினார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

அறிவியல் பொய்யில்லை. புற ஊதா ஒளி பட்டால் அந்த வெள்ளைப் பூச்சு நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கை உண்டாக்கும். அது பூச்சிமருந்தைச் சிதைக்கும். ஆனால் வெயிலில் புற ஊதா சுமார் 5 சதவீதம்தான்.

சாய வித்தைக்கு வருவோம். இதற்கு வழக்கமாக எடுப்பது மெத்திலீன் நீலம் என்ற சாயம். அது சிதையாமல் பூச்சில் ஒட்டிக்கொண்டாலும் நீர் தெளியும். அந்தச் சாயமே வெளிச்சத்தை உறிஞ்சித் தானாகவும் வெளுக்கும். அதனால் அவரிடம் கேளுங்கள்: அதே தொட்டியை இருட்டில் வைத்தால் என்ன ஆகிறது? பூச்சில்லாத தொட்டியை வெயிலில் வைத்தால்? பெரும்பாலும் பேச்சை மாற்றுவார். இதே சாயத்தை வைத்து ஐஎஸ்ஓ 10678 என்று ஒரு சர்வதேசத் தரச் சோதனை இருக்கிறது, பூச்சுகளை ஒப்பிடுவதற்கானது. அந்தத் தாளை நீட்டி 'குடிநீருக்குச் சான்று' என்று விற்றால் தடுக்க ஆளில்லை. சலித்துவிட்டது.

நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் நீரில் மிதக்கலாம். மொத்தக் கரிமக் கார்பன், அதாவது நீரிலுள்ள கரிமப் பொருள்கள் அனைத்திலும் இருக்கும் கார்பனின் அளவு, குறைந்ததா என்று பார்த்தால்தான் தெரியும். அதுவும் உங்கள் கிணற்று நீரில். காய்ச்சி வடித்த நீரில் காட்டினால் ஏமாறாதீர்கள். கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்ற உப்பு அந்த ஹைட்ராக்சிலைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும்.

உலோகங்களை இது அழிக்காது. ஆர்சனிக் மட்டும் கொஞ்சம் தனிக்கதை. அதன் ஆர்சனைட் வடிவத்தை இது ஆர்சனேட்டாக மாற்றும். ஆர்சனேட்டின் நச்சுத்தன்மை குறைவு, வடிகட்டிகளில் எளிதாகவும் பிடிபடும். சிலர் இதைத்தான் 'ஆர்சனிக் போய்விட்டது' என்று விற்கிறார்கள். போகவில்லை, சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு வடிகட்டி வைத்து அள்ளாவிட்டால் ஆர்சனிக் அத்தனையும் உங்கள் டம்ளரில்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் நீரைச் சோதனைக்குக் கொடுங்கள், விற்பனையாளர் காட்டும் கூடத்தில் வேண்டாம். பூச்சிமருந்து மட்டும்தான் என்றால் கிளர்வூட்டிய கரி வடிகட்டியே பெரும்பாலானவற்றைப் பிடிக்கும். கரியைக் காலத்தில் மாற்ற வேண்டும். நைட்ரேட் என்று வந்தால் கரியும் உதவாது, அந்தத் தொட்டியும் உதவாது. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) கருவி போன்ற ஒன்று வேண்டும்.