மும்பைக்காரர்களுக்கு மரியாதை தெரியாதா, அல்லது புதிதாக வந்த எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

கோவையிலிருந்து மாற்றலாகி மும்பைக்கு வந்திருக்கிறீர்கள். "ரயிலில் இடித்துத் தள்ளுகிறார்கள், அறிமுகமில்லாதவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று விசாரிக்கிறார்கள், பண்டிகைகூட விசித்திரமாக இருக்கிறது; உளவியலில் இதற்கு விளக்கம் உண்டா?" என்பது உங்கள் கேள்வி. நான் மும்பையை ஒட்டிய டோம்பிவலியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பலர் இதே குறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விளக்கம் உண்டு. அதில் ஒரு முக்கியமான பகுதி நம் பக்கத்து மைசூரில் கிடைத்தது.

ஒருவர் செய்ததைப் பார்த்ததும் "அவர் குணம் அப்படி" என்று முடிவுகட்டிவிட்டு, அவர் இருந்த சூழ்நிலையை மறந்துவிடுவது மனித மனத்தின் சாய்வு. உளவியலாளர் லீ ராஸ் 1977இல், காரணம் கற்பிப்பதில் நேரும் அடிப்படைப் பிழை என்றே இதற்குப் பெயரிட்டார். ஆனால் எல்லா ஊரிலும் மனம் ஒரே அளவுக்குச் சாய்வதில்லை. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவிலும் மைசூரிலும் சிறுவர்களிடமும் பெரியவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: உங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த நல்ல காரியம் ஒன்றையும் தவறான காரியம் ஒன்றையும் சொல்லுங்கள், ஏன் அப்படிச் செய்தார்? சிகாகோவின் பெரியவர்கள் குணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். மைசூரின் பெரியவர்கள் கடமை, உறவு, நேரம், நெருக்கடி என்று சூழலைச் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடையே இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறத்தான் வளர்ந்தது.

அந்த ஆய்வில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வருகிறது. ஓட்டியவர் வழக்கறிஞர், பின்னால் இருந்தவர் விழுந்து அடிபடுகிறார். அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் பிறகு இறந்துபோகிறார். இதைச் சொன்னவர் தந்த விளக்கம், வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் மீது கடமை இருந்தது, காயம் அவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்காது என்பது. அமெரிக்கர்களிடம் இதே நிகழ்ச்சியைக் கேட்டால் "பொறுப்பில்லாதவர்" என்பதுதான் முதலில் வரும்.

அப்படியானால் சூழலைப் பார்க்கப் பழகிய நமக்கு மும்பைக்காரர்கள் மட்டும் ஏன் முரடர்களாகத் தெரிகிறார்கள்? மில்லர் கேட்டது தெரிந்தவர்களைப் பற்றி என்பதைக் கவனியுங்கள். சமூக உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979இலேயே சுட்டிக்காட்டியது இது: நம் கூட்டத்தார் தவறு செய்தால் சூழ்நிலை, பிற கூட்டத்தார் செய்தால் குணம், அவர்கள் நல்லது செய்தாலோ, அது விதிவிலக்கு. நமக்குப் பெருந்தன்மை இருக்கிறது, அதை நம்மவர்களுக்குள்ளேயே செலவழித்து முடித்துவிடுகிறோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நிலையங்களில் வண்டி அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. அதற்குள் ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏற வேண்டும். ஆகவே விரைவு லோக்கல் ரயில் குர்லாவைத் தாண்டியதுமே தாதரில் இறங்குகிறவர்கள் கதவை நோக்கி வரிசையாகிவிடுவார்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதரா?" என்று கேட்பார்கள், இல்லையென்றால் இடம் மாற்றிக்கொள்வார்கள். அமர்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்பதும் அவருடைய இருக்கையைச் சொல்லி வைத்துக்கொள்ளத்தான். வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே" என்று கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அது சுருக்கென்று படுகிறது. மூன்று பேர் பெஞ்சில் நான்காவதாக ஒருவர் வந்து நின்றால், மூவரும் முகம் சுளிக்காமல் நகர்ந்து விளிம்பில் இடம் தருவதும் அதே பெட்டியில்தான் நடக்கிறது. அதை யாரும் ஊருக்குப் போய்ச் சொல்வதில்லை.

பண்டிகை விஷயம் இன்னும் ஆழமானது. நாம் பொங்கல் வைக்கும் அதே சங்கராந்தி நாளில் மராட்டியப் பெண்கள் கறுப்புப் புடவை உடுத்துகிறார்கள். புது மணப்பெண்ணுக்குக் கறுப்புப் புடவையோடு சர்க்கரை மணிகளில் கோத்த நகை பூட்டுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் மராட்டிய மருமகள் வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. முதல் சங்கராந்தியன்று மாமியார் கலங்கிப்போய் என் அம்மாவிடம் வந்தார்: "நல்ல நாளும் அதுவுமாய்க் கறுப்பா, அக்கா?" அம்மா நிதானமாகக் கேட்டார்: "உன் வளைகாப்புக்கு என்ன நிறம் உடுத்தினாய்?" அந்த மாமியார் குடும்ப வழக்கப்படி வளைகாப்புக்குக் கறுப்புப் புடவைதான். கண்ணேறு படாமலிருக்க என்று அதற்கு நம்மிடம் காரணம் தயாராக இருக்கிறது. குளிர்காலத்தில் கறுப்பு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று மராட்டியர்கள் சொல்லும் காரணத்தைத்தான் கேட்டுப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அந்த மாமியார் மருமகளோடு மஞ்சள் குங்குமத்துக்குப் போய் எள்ளுருண்டை வாங்கி வந்தார். அம்மா உளவியல் படித்தவரல்ல. ஆனால் ஒரே கேள்வியில், நமக்குத் தரும் சலுகையை அடுத்தவருக்கும் தர வைத்துவிட்டார். எனக்கு அது இன்றும் பெருமை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு தமிழர்கள் சந்தித்தால் சுற்றி இருப்பவர்களை மறந்து தமிழில் இறங்கிவிடுவோம். நமக்கு அது நாள் முழுக்க இந்தி பேசிய களைப்பின் ஆறுதல். பக்கத்தில் நிற்கும் மராட்டியருக்கோ, இவர்கள் ஒட்டாதவர்கள் என்று தோன்றும்.

இதற்காக எல்லாவற்றையும் சூழ்நிலை என்று விட்டுவிடச் சொல்லவில்லை. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே நடந்த வன்முறையை என் தாத்தா தலைமுறை மறக்கவில்லை. வேலைவாய்ப்பு பற்றிய அச்சம் அதன் பின்னணி என்று புரிந்துகொள்ளலாம். அதனால் அது நியாயமாகிவிடாது. இன்றும் யாராவது "மதராசி" என்று இளக்காரமாக அழைத்தால் அமைதியாக, அழுத்தமாக மறுத்துச் சொல்லுங்கள்.

நடைமுறையில் நான் சொல்வது ஒன்றுதான்: தினமும் அதே வண்டி, அதே பெட்டியில் ஏறுங்கள். சமநிலையும் பொது நோக்கமும் ஒத்துழைப்பும் இருக்கும் இடத்தில் பழகினால்தான் தப்பெண்ணம் குறையும், அதற்கு மேலிடத்தின் ஆதரவும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். இதில் முதல் மூன்றும் லோக்கல் பெட்டியில் தானாக அமைகின்றன: ஒரே டிக்கெட், ஒரே அவசரம், ஆளுக்கு ஆள் இடம் தராவிட்டால் யாரும் போய்ச் சேர முடியாது. தசரா சமயத்தில் பெட்டிக்குப் பூ அலங்காரம் செய்து பூஜை போடப் பணம் வசூலிப்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். கொடுத்துவிட்டு, தோரணம் கட்டவும் ஒரு கை கொடுங்கள்.