கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு வெற்றி வர ஏன் இத்தனை வருடம் ஆகிறது?

அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்சியாளர் என்பவர் ஆட்டம் சொல்லிக்கொடுப்பதோடு நிற்பவர் அல்ல. பள்ளி பள்ளியாகப் போய்ப் பையன்களைத் தேடிப்பிடித்து, அணியை உருவாக்குவதும் அவர்தான்.

தாமதத்துக்குக் காரணம், ஆட்கள் தங்குவதில்லை. ஒரு மாணவர் நான்கு பருவம், அதாவது நான்கு வருடம், ஆடினாலே அதிகம். ப்ளஸ் டூ வாத்தியார் மாதிரி: இந்த வருடப் பிள்ளைகள் தேறிவிட்டால் கிளம்பிவிடுவார்கள், ஜூனில் மறுபடி முதல் பாடம்.

ஜான் வுடனைப் பாருங்கள். 1948-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதல் தேசியப் பட்டம் 1964-ல்தான், 16-வது பருவத்தில். 1975-ல் ஓய்வு பெறும்போது பட்டங்கள் பத்து! புதிதாக வருகிறவர்களுக்கு அவர் முதலில் கற்றுத்தந்தது சாக்ஸ் போடுவது. விரல் நுனியிலும் குதிகாலிலும் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, பிறகு ஷூ கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

கரீம் அப்துல்-ஜப்பார் போன்ற நெடிய வீரர்கள் கிடைத்ததால்தான் வுடன் ஜெயித்தார் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் கரீம் வருவதற்கு முன்பே, 1964-ல் 30 ஆட்டங்களையும் வென்ற அணியின் முதல் ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.